கடையில் பாடிய ஸ்பீக்கர் வீட்டிலும் பாடுமா?

கடையில் நன்றாகப் பாடுகிற ஸ்பீக்கர், வாங்கியவர் வீட்டுக்குப் போயும் அப்படியே பாடுமா என்கிற பயம்தான் எங்கள் தொழில். சேலத்தில் ஒரு கடையில் ஹோம் தியேட்டர் பிரிவில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். டிவிக்குக் கீழே நீளமாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் தும்தும்மென்று அதிர ஊஃபர் பெட்டி ஒன்று. எல்லாம் ஒயர்லெஸ். எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்வது நான், மாட்டிக் கொடுப்பது முருகேசண்ணன். விற்ற மறுநாள் போன் அடித்தாலே எடுக்கப் பயப்படுகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதைப் படியுங்கள், துணைக்கு ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வெள்ளைச் சுவர்

ஓமலூர் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் வந்தார். "பின்னாடி வைக்கிற ஸ்பீக்கருக்கு ஒயரே வேண்டாமுங்களா?" என்று கேட்டார். "வேண்டாங்கண்ணா" என்றேன். பாட்டு கொண்டுபோகிற ஒயரைத்தான் நான் சொன்னேன். அவர் எதை நினைத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் மாட்டப் போனோம். பின்சுவர் முழுக்கப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பளிங்கு மாதிரி இருந்தது. பிளக் பாயிண்ட் ஒன்றுகூட இல்லை. முருகேசண்ணன் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஸ்பீக்கருக்குக் கரண்ட் வேண்டுமே. எலக்ட்ரீசியன் அங்கே பிளக் வைக்கிறேன் என்றதற்கு, வேண்டாம், கடையிலேயே சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுக்கார அண்ணன்தான் தடுத்தாராம். "தப்பு என்னுதுங்கண்ணா. பாட்டு காத்துல வந்துரும், கரண்ட் வராதுங்க" என்றேன். அவர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, சுவரைத் தட்டி உடைக்கச் சொல்லிவிட்டு, தூசியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "ஒயர்லெஸ்ஸுன்னா ஒயர் கம்மின்னுதான் அர்த்தமாட்ட இருக்குதுங்க அம்மிணி, நாந்தேன் இல்லவே இல்லைன்னு நெனச்சுட்டேன்."

கொட்டகையிலிருந்து ஒரு குரல்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர். வீட்டுக்கும் முதல் கொட்டகைக்கும் முப்பது அடிகூட இருக்காது. பெரிய ஊஃபர்தான் வேண்டும் என்று கடையில் ஒற்றைக்காலில் நின்றவர், அதை அவர் ஹாலில் இறக்கியதும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். முட்டைக் கோழி, திடீரென்று சத்தம் கேட்டால் மிரளும். மிரண்டால் கூண்டுக்குள் ஒன்றையொன்று மிதிக்கும், முட்டையும் குறையும். அதையெல்லாம் நான் கடையில் கேட்டிருக்க வேண்டும். படம் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்டிருந்தேன்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அவர் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டார், நான் ஹாலில். இருவர் காதிலும் போன். "பத்து வைக்கிறேனுங்க" என்பேன். "ஒண்ணும் பண்ணலீங்க" என்பார். பதினைந்து வைத்தேன். "செரி, இன்னுங் கொஞ்சம்" என்றார். இருபதுக்கு ஏற்றி, சண்டைக் காட்சி ஒன்றைப் போட்டேன். போனில் அவர் குரல் இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம் மட்டும் வந்தது. ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. முருகேசண்ணன்தான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

கோழிகள் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. ஒன்றும் சாகவில்லை என்று தெரிகிறவரை நான் உட்காரவில்லை. ஊஃபரை எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றை மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பினோம். வேட்டியில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டபடி அவர் சொன்னார்: "நான் சண்டைப் படம் பாக்காட்டி என்னுங்க, அதுக முட்டை போட்டாத்தானுங்க எனக்கு டிவியே ஓடும்."

சீர் பீரோ

ராசிபுரத்தில் பட்டுத் தறிக்காரர் குடும்பம். ஆறு மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய செட், திடீரென்று இடது பின்பக்க ஸ்பீக்கரில் விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தது. இரண்டு தடவை போனோம். ஸ்பீக்கரையே மாற்றிக் கொடுத்தோம். அப்படியும் அதேதான். நீங்கதான் இதை வாங்கச் சொன்னீங்க என்று அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு போனிலும் சொன்னார். உண்மைதான், நான்தான் சொன்னேன்.

மூன்றாவது தடவை போனபோது, எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். மகன் கல்யாணம் முடிந்த வாரத்திலிருந்து என்றார். அப்போதுதான் ஒரு இரும்பு பீரோ கண்ணில் பட்டது. ஸ்பீக்கரை மறைத்துக்கொண்டு நின்றது. இரும்பு குறுக்கே நின்றால் சிக்னல் சரியாகப் போகாது. பீரோ மருமகள் கொண்டுவந்த சீர். இதை வாய்விட்டுச் சொன்னால் மாமியார் மருமகள் விவகாரத்துக்கு நான் பிள்ளையார் சுழி போட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் நாலாவது தடவையும் வரவேண்டும். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, காபி கொண்டுவந்த மருமகள் டம்ளரை என் கையில் கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள்: "ஸ்பீக்கரை அந்தப்பக்கம் தூக்கி வெச்சுருங்கக்கா, பீரோவுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

வலது காது

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர். இருபத்தைந்து வருடம் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். இனி வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எதைப் போட்டாலும், "இன்னுஞ் சத்தம் வையுங்க" என்றார். மூன்று செட் போட்டுக் காட்டினேன். மூன்றையும் கடை அதிர வைத்தேன். மற்ற வாடிக்கையாளர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து என்னையே பார்த்தார். "ஊட்லயும் இதே கூத்துதானுங்க. நான் பேசுனா காதுலயே வாங்கறதில்லை, டிவி மட்டும் தெருவுக்கே கேக்கோணும்" என்றார் அந்த அக்கா.

அவர் வலது பக்கத்தையே ஸ்பீக்கருக்குக் காட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இடது பக்கம் நின்று மெதுவாக, "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். அந்த அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அக்காவின் முகம் மாறிவிட்டது.

இதைச் சொல்ல நான் யார்? ஸ்பீக்கர் விற்கிறவள். அவர் கேட்ட பெரிய செட்டைப் பில் போட்டு அனுப்பியிருந்தால் மேனேஜர் சிரித்திருப்பார். அவர் முன்னால் வந்து நின்று சொன்னேன்: "ஐயா, இன்னைக்கு எதுவும் எடுக்காதீங்க. ஒருக்கா காது டாக்டரைப் பாத்துட்டு வாங்க. எந்த ஸ்பீக்கர்னு அப்புறம் சொல்றேன்." அவர் எழுந்து வெளியே போனார். மனைவி பின்னாலேயே போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். மூன்று வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அந்த மனிதரை அவமானப்படுத்திவிட்டோமோ என்பதே நினைப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் இருவரும் வந்தார்கள். காதுக்குப் பின்னால் சின்னதாக மிஷின் ஒன்று. அவர் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார். பேச்சு தெளிவாகக் கேட்கிற சின்ன செட் ஒன்றைப் போட்டேன். "கொஞ்சம் கொறைச்சு வையுங்க சாமி" என்றார். அதையே எடுத்துக்கொண்டார். அவர் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அந்த அக்கா என் பக்கம் குனிந்து சொன்னார்: "முந்தாநேத்து அடுப்படியில எனக்கு நானே பேசிக்கிட்டிருந்தேன், 'என்ன சொன்னே'ன்னு வந்து நிக்கறாருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு."

எந்த வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்பது ஒன்பது வருடம் கழித்தும் எனக்கு உறுதியாகத் தெரியாது, தெரிந்தது போலச் சொல்கிற என் குரல் மட்டும் வருடத்துக்கு வருடம் தெளிவாகிக்கொண்டே வருகிறது.