கலாநிதி அத்தானும் பூக்கடைச் சுவரும்

கலாநிதி மருதமுத்து அவர்கள் கொழும்பில் காலமான செய்தி எனக்கு ஒரு மாலை ஆர்டராகத்தான் வந்தது. போன செவ்வாய்க்கிழமை கோயில் சபைச் செயலாளர் கடைக்கு வந்து, "நல்ல ரோஜா மாலையா ஒண்ணு கட்டுங்கம்மா, ஒங்க அத்தான் போயிட்டாங்க" என்றார். கூடவே அஞ்சலி மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படியும் கேட்டார். "சொந்தக்காரங்க எழுதுனாத்தான் நல்லா இருக்கும்." எழுதுகிறேன். நன்றாக இருக்கிறதா என்பதை அவரே படித்துச் சொல்லட்டும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் அத்தை மகன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியில் என் அப்பா நடத்திய பூக்கடையை இப்போது நான் நடத்துகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் அத்தான் இங்கேதான் வந்து உட்கார்ந்து படிப்பார். அப்பா கட்டுகிற பூவைக் கீழே வைத்துவிட்டு அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அத்தான் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேசியப் பாதுகாப்புக் கொள்கையில் பட்டப்பின்படிப்புக்காக அவர் லண்டன் புறப்பட்டபோது, மாத்தளை ஸ்டேஷனில் அப்பா போட்ட மாலை அவர் போட்டிருந்த கோட்டையே மறைத்தது.

"நாட்டுப் பாதுகாப்புன்னா பட்டாளமா தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல மாமா. நாட்டுக்கு யாரால ஆபத்து வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கிற படிப்பு" என்று அத்தான் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம், பைத்தியங்கள்.

அடுத்த வருடம் ஆய்வுக்காக ஊர் வந்தார். இந்திய வம்சாவளிக் குடும்பங்களாகப் பார்த்து வீடு வீடாகப் போனார். நம்ம பிள்ளை வந்திருக்கிறது என்று எல்லாரும் இடியப்பமும் சம்பலும் வைத்து உபசரித்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்ப்பார். எந்த வீட்டில் எந்த இந்தியத் தலைவரின் படம் தொங்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்கள் கடைச் சுவரிலும் அப்படி ஒரு படம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்குக் கட்டி மிஞ்சிய பூவில் அப்பா அதற்கும் ஒரு சரம் போடுவார். அவ்வளவுதான் விஷயம். அப்பா மாத்தளையில் பிறந்தவர், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

திரும்பிப் போகுமுன், தான் எழுதியதில் ஒரு பகுதியை அத்தான் எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். மாத்தளையில் ஒரு பூ வியாபாரி, அவர் கடைச் சுவர், அந்தப் படம், அந்தச் சரம். அப்பாவுக்கு ஒரே பெருமை.

"நம்ம பேரப் போட்டிருக்கியா தம்பி?"

"பேரு போடக் கூடாது மாமா. உதாரணமாத்தான் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு உதாரணம்?"

"இந்தியாவோட யுத்தம்னு ஒண்ணு வந்தா எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு நம்ப முடியாத ஆளுங்களுக்கு."

அத்தான் போனதும் அப்பா படத்தைக் கழற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

கலாநிதிப் பட்டம் வாங்கி, கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் அவர் இருந்தபோதுதான் அப்பாவின் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்கள் இங்கேயே வாழ்ந்தவர்கள் என்று நிரூபித்தால்தான் இந்த நாட்டுக் குடியுரிமை; அத்தான் குடும்பத்துக்கு அது முன்னமே கிடைத்திருந்தது. அப்பாவிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அந்தஸ்துள்ள ஒருவர் வந்து, இவர் இங்கேயே வாழ்ந்தவர் என்று சாட்சி சொன்னால் காரியம் ஆகும் என்றார்கள். அப்பாவும் நானும் கொழும்புக்கே போய்க் கேட்டோம். அத்தான் எங்களை உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தார். பிறகு சொன்னார்: "நான் வந்து சாட்சி சொன்னா, நான் எழுதுனது பொய்யின்னு ஆயிடும் மாமா. கோவிச்சுக்காதீங்க."

அப்பாவுக்குக் கோபித்துக்கொள்ளத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். இன்றுவரை ஆறவில்லை.

பக்கத்துக் கடை ராசிக் நானா, யாரும் கேட்காமல் தானாகவே விசாரணைக்கு வந்தார். "இவரு இங்கயே பொறந்து வளந்தவரு ஐயா, நாங்க ஒண்ணா வெளையாடினோம்" என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. பிறகு இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். பிரஜாவுரிமை உள்ள வீட்டில் கலியாணம் ஆனதால் எனக்கு இந்த ஊர் மிஞ்சியது. கப்பல் பிடிக்கத் தலைமன்னார் ரயிலில் ஏறிப் போன அப்பா, திருச்சிக்குப் பக்கத்தில் யாரையும் தெரியாத ஓர் இடத்தில் வருடம் திரும்புவதற்குள் இறந்துபோனார். ஊருக்கெல்லாம் மாலை கட்டியவருக்கு ஒரு மாலை கட்ட நான் பக்கத்தில் இல்லை.

அத்தானின் மாலையை நல்ல பூவாகப் பார்த்து ஒழுங்காகக் கட்டி அனுப்பினேன். பூவில் பழி தீர்ப்பது எங்கள் கடையில் வழக்கமில்லை. கோயில் சபை அவர் படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீதியில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் மாட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஆணி இருக்கிறது, அத்தான். அப்பா அடித்த ஆணி, இன்னும் ஆடவில்லை. ஆனால் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தே அங்கிருப்பவர்கள் யார் பக்கம் என்று சொல்லிவிடலாம் என எழுதிப் பட்டம் வாங்கியவர் நீங்கள். அதனால் உங்கள் படத்தை நான் மாட்டவில்லை. போய் வாருங்கள்.