நாலாவது மிஸ்டு கால்

பஸ் மாற நான் இறங்கிய காந்தி மார்க்கெட் வாசலில், டீக்கடையோரம், கருவாடு விற்று முடித்த கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். வேதாரண்யம் பக்கம், உப்பளம் தாண்டிய முப்பது வீட்டுக் குப்பம் அவளுடையது. இங்கேயே காற்று தார்ப்பாய்களை உலுக்குகிறது. அங்கே கடல் எப்படியோ. அவள் செல்போன் ஒருமுறை மணியடித்து அடங்குகிறது.

"எடுக்கலியாம்மா?"

"வேணாங்க. ஒரு படகு கரையேறினா ஒரு மிஸ்டு கால். நாத்தனா மணல்மேட்டுல நின்னு அடிக்கிது, அங்கதான் டவர் கிடைக்கும். கடலுக்குப் போனது நாலு, இது மூணாவது."

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

"யாரு படகுன்னு மணி சொல்லுமா? நாலும் வந்தாத்தான் எனக்குச் சோறு. பேசணும்னா மட்டும் விடாம அடிக்கும்."

என் டீயில் ஏடு படர்கிறது. போன் அடிக்கிறது. ஒன்று. அடங்குமென்று இருவரும் காத்திருக்கிறோம். இரண்டு. மூன்று. மணி நிற்கவில்லை.

போனை என் பக்கம் நீட்டுகிறாள்.

"நீங்க எடுங்கண்ணே."