போனில் சொன்ன பதில்

பாட்லியில் மெத்தை ஸ்பிரிங் செய்யும் எங்கள் கம்பெனியில் கிளெனிஸ் டோர்டாஃப் என்ற பெண்மணி இருபத்திரண்டு வருடம் தலைமைக் கணக்கராக இருந்தார். எதிர் மேசை என்னுடையது. நாங்கள் தப்பு செய்தால் அவர் திட்ட மாட்டார். அந்த இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, தாளை மேசையில் குப்புற வைத்துவிட்டுப் போவார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

முதலாளி டெஸ்மண்ட் லம்புக்கு ஒரே குழுமமாக நான்கு கம்பெனிகள். 2007இல் தாய்க் கம்பெனியின் பெயரில் இருந்த கிடங்கை, லாரிகளைக் கவனித்துக்கொண்ட கிளைக் கம்பெனியின் பெயருக்கு மாற்றினார்கள். வெளியாளுக்கு விற்றிருந்தால் பத்திர வரி நாற்பத்தெட்டாயிரம் பவுண்டு ஆகியிருக்கும். ஒரே குழுமத்துக்குள் கைமாறியதால் அது தள்ளுபடியானது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்கிய கம்பெனி கிடங்கோடு மூன்று வருடத்துக்குள் குழுமத்தை விட்டுப் போனால் அந்த வரியைக் கட்டியாக வேண்டும். தள்ளுபடிக்கு விண்ணப்பம் எழுதியவரே கிளெனிஸ்தான்.

இரண்டு வருடம் கழித்து லாரிக் கம்பெனியை லம்ப் லீட்ஸ்காரர் ஒருவருக்கு விற்றார். கிடங்கும் அதோடு போனது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதியவர் லம்பின் வக்கீல் மாரிஸ் ஹேக், அறுபது தாண்டியவர். கிடங்கை மாற்றியபோது அந்த வேலையை வேறொருவர் பார்த்திருந்தார். அதனால் கையெழுத்துக்கு முந்தின நாள் மாரிஸ் போன் செய்து, மூன்று வருடத்துக்குள் குழுமத்திலிருந்து வந்த சொத்து ஏதாவது அந்தக் கம்பெனியிடம் இருக்கிறதா என்று கிளெனிஸிடம் கேட்டார். அன்று சம்பளப் பட்டியல் முடிக்கிற நாள். கோப்பு அலமாரி நாலடி தூரத்தில் இருந்தது.

"அப்படி ஒண்ணும் இல்ல மாரிஸ், நீங்க எழுதிக்குங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

வசந்தத்தில் வரி கேட்டுக் கடிதம் வந்தது. ஒப்பந்தப்படி பழைய வரிப் பாக்கி எதுவானாலும் விற்றவர் பொறுப்பு. இன்னும் ஒரு வருடம் பொறுத்து விற்றிருந்தால் அந்த வரியே வந்திருக்காது. லம்ப் கட்டினார். அதே வாரம் மாரிஸை வேலையிலிருந்து விலக்கினார். இருபது வருடப் பழக்கம் ஒரு கடிதத்தில் முடிந்தது. கிளெனிஸ் அந்தக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து, தபால்தலை ஒட்டி அனுப்பினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் அவர் மதியம் சாப்பிடுவதில்லை. ஏழாவது வாரம் லம்பின் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். லம்ப் சத்தம் போடவில்லையாம். "பாக்காம எழுதினது என் தப்புன்னு மாரிஸே ஒத்துக்கிட்டாரே. உங்க பேரையே எடுக்கலையே" என்றாராம். அதைக் கேட்ட பிறகு கிளெனிஸ் தன் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். மாரிஸ் வீட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

மாரிஸின் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கிளெனிஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் முடிக்கும்வரை மாரிஸ் கேட்டார்.

"போன்ல கேட்டு எழுதினது என் தப்புதாம்மா. அதுல எனக்கு உங்க மேல கோவம் இல்ல. சந்தையில என்னைப் பாத்துட்டு மீன் வண்டிக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டீங்களே, அதான் தாங்கல."

கிளெனிஸுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. "நீங்க பாக்கலன்னு நெனச்சேன்" என்றார்.

"ரெண்டு தடவை பாத்தேன்."

அன்று போனில் கிளெனிஸ் சொன்ன பதில் என் காதிலும் விழுந்தது என்று அங்கேயாவது நான் சொல்லியிருக்கலாம். கையிலிருந்த கார்ச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லம்ப் மாரிஸுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார், திரும்பவும் அழைத்தார். மாரிஸ் வரவில்லை. கிளெனிஸ் ராஜினாமா கொடுத்தார், லம்ப் வாங்கிக்கொள்ளவில்லை. தலைமைப் பொறுப்பையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டு, கொள்முதல் பில்கள் பார்க்கும் மேசைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் அங்கேதான். யார் போனில் எது கேட்டாலும் "பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்பார்.