ஒடிந்த ஊசியின் மூன்று துண்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியின் அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றப் போய், ஸ்க்ரூடிரைவரின் முனை பட்டென்று ஒடிந்து எங்கோ தெறித்தது. போனில் பார்த்து வாங்கிய செட். உலகத்தில் உள்ள எல்லா ஸ்க்ரூவுக்கும் அந்தப் பெட்டியில் ஒன்று இருந்தது, விலையோ ஒரு தோசைக்கரண்டி விலை. நான் மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் மண்டிபோட்டுத் தேட ஆரம்பித்தேன். கால்மிதியை உதறினேன், சிலிண்டரை நகர்த்தினேன், பிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்தேன்.

"போனாப் போகுதுங்க, அந்தத் துண்ட வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

அவளிடம் இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் போலிருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்தபோதே மட்டமான எண்ணெய் வாசனை ஒன்று வந்தது. மண்ணரை என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜாக இருந்த காலத்தில் நான் வாங்கிப் போட்ட ஊசிப் பாக்கெட்டுக்கும் அதே வாசனைதான்.

அது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கிற கம்பெனி. உடுப்புக்குள் ஊசித்துண்டு ஒன்று சிக்கிப் போய்ச் சேர்ந்தால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும். அதனால் ஊசி நோட்டு என்று ஒன்று வைத்திருந்தோம். டைலருக்கு ஊசி ஒடிந்தால், எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வர வேண்டும். நான் அவற்றைச் சேர்த்து வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டுவேன். பக்கத்தில் தேதி, மெஷின் நம்பர், டைலர் பெயர், காரணம். பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷின் வரிசை, அதாவது லைன், மொத்தமும் நிற்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சட்டையை டக்-இன் செய்து, பாக்கெட்டில் மூன்று பேனா குத்திக்கொண்டு, பர்ச்சேஸ் மேனேஜர் ஆவதாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன். வழக்கமாக வாங்கும் ஜெர்மன் ஊசியைப் போலவே இருக்கும், விலை பாதிக்கும் கீழே என்று ஒருவர் பைக்கில் வந்து காட்டினார். வாங்கினேன். அதே கையோடு அவரிடமே துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில், ஊசி தெறித்தால் கண்ணில் படாதபடி முன்னால் மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்புகளையும் வாங்கினேன்; கார்டு என்போம்.

"பரவால்லியே, தம்பிக்கு மூள வேல செய்யுது" என்றார் முதலாளி. ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை.

மறுவாரமே ஊசிகள் ஒடிய ஆரம்பித்தன. முதலில் வந்தது துளசிமணி அக்கா. மூலனூர்ப் பக்கத்துக்காரர், ஓவர்லாக்கில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர். மூன்று நாளில் ஐந்தாவது ஊசி.

"ஏனுங்க தம்பி, பழைய ஊசியே குடுங்களேன். இது துணியத் தொட்டாலே ஒடயுதுங்க."

"ஊசி என்னங்க்கா பண்ணும்? கை பதனமா இருக்கோணும்" என்றேன். ஓவர்லாக்கில் நூல் கோக்கக்கூடத் தெரியாத நான் சொன்னேன். கம்பெனி மேனேஜர் அதைக் கேட்டுவிட்டு, கை கனத்த பொம்பளைகள் என்று லைன் முழுக்கத் திட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் ஜன்னலுக்கு வரப் பயந்தார்கள். ஊசி வளைந்தால் வளைந்ததோடு தைத்தார்கள். நோட்டில் ஒட்டும் வேலை குறைந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கார்டுகளும் இரண்டே மாதத்தில் கீறல் விழுந்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டன. தைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாததால் எல்லோரும் அதைத் தூக்கிவிட்டுத்தான் தைத்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை, டீ நேரம் முடிந்ததும் துளசிமணி அக்காவின் ஊசி ஒடிந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. லைன் நின்றது. தைத்த உடுப்புகளை ஒவ்வொன்றாக மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். தரையில் காந்தத்தை இழுத்தார்கள். அக்கா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கண்ணுல பிசிறு உழுந்திருச்சுங்க. மூஞ்சி கழுவிட்டு வந்தர்றனுங்க."

"பிசிறு எல்லாத்து கண்ணுலயுந்தான் உழுகுது. மொன கெடைக்காம ஒருத்தரும் நகரக் கூடாது" என்றார் மேனேஜர்.

பனியன் கம்பெனியில் கண்ணில் பஞ்சுப் பிசிறு விழாத நாள் கிடையாது. அக்காவும் அதைப் பிசிறு என்றே நம்பினார். நம்பி, கசக்கிக்கொண்டே நின்றார். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை தேடினோம். கைக்காந்தத்தை நானே அவருடைய தோளில், கொண்டையில், சேலைக் கொசுவத்தில் ஓட்டினேன். முகத்துக்கு நேரே கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து மெஷினில் தைக்கும் பீகார்ப் பெண்தான் கடைசியில் அக்காவின் கையை விலக்கிப் பார்த்தாள். "அக்கா, பிசிறு இல்ல. இரும்பு" என்றாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த மொனய வாங்கிட்டு வா. நோட்டு பாதியில நிக்குது." அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து வா என்று அவர் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று எனக்கும் உறைக்கவில்லை. வழியில் இருந்ததிலேயே விலை குறைந்த ஆரஞ்சாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன்.

அக்கா கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் எப்படிக் கேட்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அவரே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மருந்துச் சீட்டு மடிப்பை நீட்டினார்.

"நோட்டுல ஒட்டோணுமில்லீங்க தம்பி. டாக்டர்கிட்டக் கேட்டு வாங்கி வெச்சனுங்க."

உள்ளே எள்ளில் பாதி அளவுக்கு முனை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கமில்லை, நிம்மதி. சரக்கு கப்பலேறும் என்ற நிம்மதி.

ஸ்டோருக்கு வந்து மூன்று துண்டையும் சேர்த்து ஒட்டினேன். முழு ஊசி. காரணம் எழுதும் கட்டத்தில் 'ஊசி மட்டம்' என்று எழுதியிருந்தால் போதும். ஆனால் வாங்கியது யார் என்ற கேள்வி வரும். 'கார்டைத் தூக்கிவிட்டுத் தைத்தது, டைலர் கவனக்குறைவு' என்று எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே சத்தமில்லாமல் ஜெர்மன் ஊசி திரும்ப வந்துவிட்டது.

அந்தக் கண்ணில் பார்வை வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, உடுப்பில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையாவது கொடுங்கள் என்று அக்கா வந்து நின்றார். மேனேஜர் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். அக்கா ஒற்றைக் கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு முகத்தை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதுனதுங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

அக்கா நோட்டை மூடி மேனேஜர் பக்கம் தள்ளினார். போய்விட்டார்.

மலிவுச் சாமான் வாங்கலாமா என்று இப்போதும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. குடை, வாளி, செருப்பு எல்லாம் நானும் மலிவாகத்தான் வாங்குகிறேன். பிய்ந்தால் நான்தானே நனைவேன். இன்னொருத்தர் கையில் கொடுக்கிற சாமானுக்கு மட்டும் 'வாங்கலாம்' என்று வாய் திறப்பதில்லை.

ஸ்க்ரூடிரைவர் முனை பிரிட்ஜுக்கு அடியில் கிடைத்தது. குப்பையில் போட மனசில்லாமல் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கட்டடத்தைத் தடுத்து வடநாட்டுப் பிள்ளைகளுக்கு ரூமாக விட்டிருக்கிறார்கள். மேனேஜரும் இல்லை. துளசிமணி அக்கா குடியிருந்த லைன் வீட்டில் கேட்டால், அப்படியொருத்தரை யாருக்கும் தெரியவில்லை. கம்பெனியை மூடியபோது ஊசி நோட்டுகளை எல்லாம் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்க்காரன் எடுத்துப் போனான். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு உள்ளதை எழுத இன்று எனக்குத் தைரியம் இருக்கிறது. நோட்டு இல்லை.