பத்துக்கு எட்டு

'ஆதாரம் டீச்சர்' என்றால்தான் அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். 'மழை நல்லது' என்று எழுதினால்கூட விடமாட்டார். "யார் சொன்னா? எங்க பாத்த? சும்மா அடிச்சு விடாத!" என்று கட்டுரை நோட்டை முகத்துக்கு நேரே நீட்டுவார்.

ஒருமுறை, 'பாதுகாப்பான இடம்' என்ற தலைப்புக்குக் கடைசி பெஞ்சுப் பெண், 'எங்கள் வீடு பாதுகாப்பான இடம் இல்லை' என்று எழுதியிருந்தாள். டீச்சர் வழக்கம்போல் ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆதாரம்?' என்று போட்டார். மறுநாள் அதன் கீழேயே மூன்று ஆதாரங்களை வரிசையாக எழுதி வந்தாள்: தாழ்ப்பாள் உடைந்த அறைக்கதவு, அம்மாவின் கையிலிருக்கும் மாவுக்கட்டு, அப்பா சீக்கிரம் வீடு திரும்பும் கிழமைகள்.

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா? இப்படித்தான் எழுதணும்!" என்று வகுப்புக்கே வாசித்துக் காட்டி, பத்துக்கு எட்டு போட்டார். அவள் தலை நிமிரவே இல்லை.

திங்கட்கிழமை அவள் இடம் காலி. வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார்கள். நோட்டு டீச்சரிடமே தங்கிவிட்டது.

டீச்சர் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. இன்றும் அந்த நோட்டைப் பிரித்தால், அந்தப் பெண்ணின் எழுத்துக்கு முன்னால் தன் சிவப்பு எழுத்துதான் கண்ணில் படுகிறது:

'நன்று. மூன்றாவதை இன்னும் விளக்கியிருக்கலாம்.'