சங்கிலியில் இருந்த 750

மகனின் கலியாணத்துக்குத் தாலிக்கொடி செய்வது மாப்பிள்ளை வீட்டாரான எங்கள் பொறுப்பு. கொடி ஒற்றைப்படைப் பவுணில்தான் இருக்க வேண்டும். மனைவியின் ஏழு பவுண் சங்கிலியை உருக்கி, ஏழிலேயே போடுவதாகப் பெண் வீட்டில் சொல்லிவிட்டோம். கத்தாரில் வேலை செய்தபோது நான் மலிவாக வாங்கிய சங்கிலி அது. சுத்தமான இருபத்திரண்டு கரட் என்று எங்கள் ஊர் பேசாலை முழுக்கப் பீற்றித் திரிந்தவனும் நான்தான்.

நானும் மனைவியும் போன மன்னார் நகைக்கடையில் பத்தர் கொழுக்கியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "அண்ணை, இதில 750 எண்டு கிடக்கு."

"ஓம், அது கடையின்ர நம்பர்," என்றேன், தங்கப்பல் தெரியச் சிரித்தபடி. எங்கள் மீன்பிடி வள்ளங்களில் எழுதியிருப்பதைப் போல அதுவும் ஒரு பதிவு நம்பர் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"இல்லை அண்ணை. ஆயிரம் பங்கில எழுநூற்றைம்பதுதான் தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி. இது பதினெட்டு கரட். இருபத்திரண்டெண்டால் 916 எண்டு அடிச்சிருக்கும். உருக்கி இருபத்திரண்டு கரட்டில கொடி செய்தால் ஆறு பவுணும் தேறாது."

நடுக்கடலில் இயந்திரம் நின்றபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை. மனைவி சங்கிலியை வாங்கிக் கொழுக்கியை விரலால் தடவினாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப அஞ்சிலதான் கொடி," என்றாள் கடைசியில். "சம்பந்தி வீட்டில நீங்களே போய்ச் சொல்லுங்கோ." பிறகு என் வாயை உற்றுப் பார்த்தாள். "பத்தர், இவற்ற பல்லில என்ன நம்பர் கிடக்கெண்டும் ஒருக்காப் பாருங்கோ."

பத்தர் கண்ணாடியைக் கையில் எடுத்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். சம்பந்தி வீட்டு வாசலில்தான் மறுபடி திறந்தேன்.