எங்கள் ரீம் காலமான வருசம்

என்ர குரலில ஒரு தரித்திரம் இருக்கு. நான் "வணக்கம்" எண்டு சொன்னாலே சனம் கதிரையைத் தேடி இருந்திடும்.

காரணத்தைச் சொல்லுறன். ரொறன்ரோவில, மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில, கீழ்த்தட்டில பல் டொக்ரர், மேல்தட்டில தமிழ் றேடியோ. கீழ எனக்கு வேலை, ரிசெப்ஷனில. மேல சும்மா சேவை. வேலை தொடங்க முன்னம், காலமை ஏழரைக்கு, மரண அறிவித்தல் வாசிக்கிறது. பதினொரு வருசமாச்சு. ஸ்காபரோவில ஆர் கண்ணை மூடினாலும் என்ர வாயாலதான் சனத்துக்குத் தெரிய வரும். பிறகு ஒன்பது மணிக்குக் கீழ இறங்கி வந்து, பல்லுக் காட்ட வாற ஆக்களுக்கு ஃபோன் எடுத்து, நாளைக்கு வாங்கோ எண்டு ஞாபகப்படுத்த வேணும்.

ஒரு அன்ரிக்கு எடுத்தன். "வணக்கம் அன்ரி" எண்டதுதான் தாமதம், "ஐயோ... ஆர் பிள்ளை போனது?" எண்டா.

"ஒருத்தரும் போகேல்லை அன்ரி. நாளைக்கு உங்களுக்குப் பல்லுக் கிளீனிங்."

"கோதாரி! என்னைக் கொண்டு போடுவாய் போல கிடக்கு" எண்டு பேசிப்போட்டு ஃபோனை வைச்சிட்டா. கிளீனிங்குக்கு வரவும் இல்லை.

அதாவது பரவாயில்லை. ஒரு கலியாண வீட்டில மைக்கை என்ர கையில தந்து, "சாப்பாடு ரெடி எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ அக்கா" எண்டிச்சினம். சொன்னன். முன் வரிசையில இருந்த ஐயா ஒராள் எழும்பி நிண்டு, கையைக் கட்டி, தலையைக் குனிஞ்சார். பக்கத்தில இருந்த நாலு பேரும் அவரைப் பார்த்து எழும்பிச்சினம். எனக்கு எங்க போய் ஒளிக்கிறது எண்டு தெரியேல்லை. என்ர மனிசன் மட்டும் பிளேட்டைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து விழுந்து சிரிச்சார்.

அண்டைக்கே முடிவெடுத்தன். இனி இந்த வேலை வேண்டாம். என்னைக் கண்டால் சனம் சிரிக்க வேணும், குறைஞ்சது பயப்பிடாமலாவது இருக்க வேணும்.

றேடியோ நடத்துறவரை நாங்கள் எல்லாரும் அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. அவரைப் பிடிச்சு, "அண்ணை, என்னை இதில இருந்து விடுங்கோ. சமையல் குறிப்பெண்டாலும் வாசிக்கிறன்" எண்டு கேட்டன்.

"உந்தக் குரலில கத்தரிக்காய்க் குழம்பு எண்டு சொன்னாலும் சனம் அழும் தங்கச்சி" எண்டார். பிறகு கொஞ்சம் யோசிச்சார். அது ஒக்ரோபர் மாசம், ஐஸ் ஹொக்கி சீசன் தொடங்குற நேரம். எங்கட ரொறன்ரோ ரீமைப் பற்றித்தான் பேப்பர், ரீவி எல்லாத்திலயும் கதை. இந்த முறை ஆளுகள் நல்லம், கோல் காக்கிற கோலி நல்லம், கப்பைத் தூக்கிறது நிச்சயம் எண்டு. "பிள்ளையள் முழுக்க அதைத்தான் பார்க்குதுகள், தாய் தேப்பனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் அறிவித்தல் முடிய ஐஞ்சு நிமிசம் ஹொக்கி வாசியுங்கோ. ரீம் பிளே ஓஃபுக்குப் போனால் விளையாட்டு உங்களுக்கு நிரந்தரம். அறிவித்தலுக்கு வேற ஆளைப் போடுறன்."

"போகாட்டி?"

"போகாட்டி ஏப்ரலோட ஹொக்கி முடிஞ்சுது. நீங்கள் பழையபடி அறிவித்தல்."

வீட்டை வந்து மனிசனிட்டைக் கேட்டன், பிளே ஓஃப் எண்டால் என்ன எண்டு. அவர் முப்பது வருசமா உந்த ரீமைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற ஆள். சீசன் முடிய, பட்டியலில மேல நிக்கிற ரீமுகள் மட்டும் தொடர்ந்து விளையாடிக் கப்புக்குப் போட்டி போடுமாம், மற்றவை வீட்டை போக வேண்டியதுதானாம். "இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு போகலாம்" எண்டார். எனக்கு அது காணும். என்ர விடுதலையை, சறுக்கு ஐஸில தடி பிடிச்சுக்கொண்டு ஓடுற இருபது பெடியளின்ர கையில குடுத்துப்போட்டு நிம்மதியாப் படுத்தன்.

முதல் கிழமை அண்ணையோட ஒரே சண்டை. நல்ல தமிழ் வேணுமாம் அவருக்கு. "பனிக்கட்டி வளைகோல் பந்தாட்டம்" எண்டு எழுதித் தந்தார்.

"அண்ணை, இதில பந்து இல்லை. தட்டையான றப்பர் வட்டு."

"அப்ப வட்டு எண்டு வாசியுங்கோ."

வாசிச்சன். "எங்கள் வீரர் எதிரணியின் வட்டைப் பறித்துக்கொண்டு விரைந்தார்" எண்டு சொல்லி முடிய முன்னம் ஒரு அம்மா ஃபோன் எடுத்து, "பிள்ளை, வட்டிலப்பம் எந்தக் கடையில குடுக்கினம்?" எண்டு கேட்டா. வட்டு அவவுக்கு அந்த இனிப்பாக் கேட்டிருக்கு. அதோட அண்ணை அடங்கினார். நான் வட்டைப் பக் எண்டும், கோல் காக்கிறவரைக் கோலி எண்டும் சொல்லத் தொடங்கினன். பிழை விட்டவனை ரெண்டு நிமிசம் பெட்டிக்குள்ள இருத்துறதை மட்டும் "மூலையில இருத்தினவை" எண்டு சொன்னன். அது எல்லாருக்கும் விளங்கிச்சுது.

ரீம் தோக்கத் தொடங்கிச்சுது. முதல் ஒண்டு ரெண்டு எண்டால் பரவாயில்லை, எல்லா ரீமும் தோக்கும் எண்டு மனிசன் சொன்னார். பிறகு கோலுக்கு அடிக்கிற பெரிய ஆளுக்கு முழங்கால் நோ. அதுக்குப் பிறகு கோலி, அறுந்த வலையால நெத்தலி போற மாதிரிப் பக்கை உள்ளுக்கு விட்டுக்கொண்டு நிண்டார். கார்த்திகை மாசம் முழுக்க ஒரே தோல்வி. அங்க கோலி ஒரு கோல் விட, இங்க நான் சவ ஊர்வலத்துக்கு ஒரு அடி கிட்டப் போறன்.

ஒரு திங்கக்கிழமை அந்தப் பிழை நடந்தது. அண்டைக்கு ஆறு அறிவித்தல். ஆறையும் வாசிச்சு முடிச்சு, மூச்சு விடாமல் ஹொக்கிப் பேப்பரைத் திருப்பினன். "நேற்று மாலை நடைபெற்ற ஆட்டத்தில் எங்கள் அணி..." எண்டு தொடங்கினன். வாய் பழக்கம் சும்மா விடுமே? "...காலமானது" எண்டு முடிச்சிட்டன்.

அட கடவுளே. திருத்துவம் எண்டு, "மன்னிக்கவும், அன்னார் தோல்வியடைந்தார்" எண்டன். அன்னார் எண்டால் செத்த ஆளைச் சொல்லுறது, அது இன்னும் மோசமாப் போச்சு. ஃபோன் லைற் எல்லாம் ஒண்டா மினுங்கத் தொடங்கிச்சுது. அண்ணை வெளிறிப்போய் ஓடி வந்தார். செத்த வீட்டுக்காரர் பேசப்போகினம், இண்டையோட சரி எண்டு நினைச்சுக்கொண்டு முதல் ஃபோனை எடுத்தன். ஒரு மனிசன் சிரிக்கிறார். கதைக்கேலாமல் சிரிக்கிறார். "அக்கா, கிரியை எப்ப?" எண்டார்.

அண்டைக்கு முழுக்க அதே கதைதான். அண்ணைக்கு மட்டும் பயம் போகேல்லை, நியாயம்தான். செத்தவைக்கு மரியாதை வேணும். அதால அறிவித்தலுக்கும் ஹொக்கிக்கும் நடுவில பத்து நிமிசம் பக்திப் பாட்டுப் போட்டு ரெண்டையும் பிரிச்சு வைச்சார். அதுக்குப் பிறகு நான் பயமில்லாமல் இறங்கினன்.

"ரொறன்ரோவைப் பிறப்பிடமாகவும், பட்டியலின் அடிப்பகுதியை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் ரீம், நேற்று மாலை தோல்வியடி சேர்ந்தது. அன்னார், சென்ற கிழமைத் தோல்வியின் பாசமிகு மகனும், நாளைய தோல்வியின் அன்புத் தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், சீசன் ரிக்கெற் வாங்கியவர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்."

சிரிக்காமல் வாசிக்க வேணும், அதுதான் அதின்ர வித்தை. என்ர குரலுக்கு அது தண்ணி பட்ட பாடு. மல்வேர்னில இருந்து பஸ்ஸில வேலைக்குப் போறவை ஃபோனைக் காதில வைச்சுக் கேட்டுச் சிரிக்கிறதாச் சொல்லிச்சினம். மன்னார்ப் பக்கத்து அன்ரி ஒராள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவவாம். "தொலைஞ்ச சாமானெல்லாம் எடுத்துத் தாறவர் பிள்ளை. உவங்கட ஆட்டமும் தொலைஞ்ச சாமான்தானே?" எண்டா. தப்பித்தவறி ரீம் வெண்டால், "இண்டைக்குச் சப்பெண்டு கிடக்கு" எண்டு குறை வேற. நான் ஃபோன் எடுத்தால் பல்லுக் காட்டுற ஆக்கள், "வணக்கம் அக்கா, நேற்று எத்தினை வாங்கினவங்கள்?" எண்டு கேக்கத் தொடங்கிச்சினம். நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் எண்டு சொல்லி முடியாது. ஃபோன் எடுக்கிறதுக்காகவே வேலைக்குக் கொஞ்சம் முந்திப் போவன்.

ஆனால் கணக்கு எனக்கு எதிராத்தான் போய்க்கொண்டிருந்தது. அவங்கள் தோத்தால் சனம் சிரிக்கும், தோத்துக்கொண்டே போனால் எனக்குச் சிரிப்பிக்க இடமிருக்காது. மாசி மாசம் அண்ணையோட வாதாடிப் பார்த்தன். "சனம் கேக்குதே அண்ணை, வெண்டால் என்ன தோத்தால் என்ன?" எண்டன்.

"ஏப்ரலுக்குப் பிறகு அவங்கள் விளையாடாட்டி எதை வாசிப்பியள்? அதோட, உங்கட குரல் மாதிரி அறிவித்தலுக்கு வேற ஆள் எனக்குக் கிடைக்கேல்லை" எண்டார். புகழுறாரோ பேசுறாரோ எண்டு விளங்கேல்லை.

பங்குனியில நான் மனிசனை விட மோசமாப் போனன். சோஃபாவில இருக்கேலாது, நிண்டுகொண்டுதான் பார்ப்பன். "அடடா, அங்கால குடன்ரா! கண் பொட்டையே உனக்கு?" எண்டு நான் போடுற சத்தத்தில கீழ் பேஸ்மென்ரில இருக்கிற பெட்டை, வீட்டுக்குள்ள சண்டையோ எண்டு வந்து கேட்டாள். மனிசன் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் இத்தினை வெல்ல வேணும், மற்றவை இத்தினை தோக்க வேணும் எண்டு எனக்கு நம்பிக்கை தருவார். நானும் பாவம், எங்கையோ கிடக்கிற ஊர்களின்ர ரீமெல்லாம் தோக்க வேணும் எண்டு விளக்குக் கொளுத்தேக்கை கேட்டன்.

ஏப்ரலில ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிஞ்சுது. நாங்கள் தோத்தம், மற்றவன் வெண்டான், இனிக் கணக்குப் பார்க்க ஒண்டுமில்லை. மனிசன் ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் பெருமூச்சு விட்டார். "சரி விடு. அடுத்த வருசம் பாப்பம்" எண்டார்.

"உங்களுக்கு அடுத்த வருசம். எனக்கு இந்தக் கிழமையோட சரி" எண்டன். சொல்லேக்கையே அழுகை வந்திட்டுது. ஒரு விளையாட்டுக்கு அழுறன் எண்டு அவர் நினைச்சிருப்பார். பிறகு விளங்கி, எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து தந்தார்.

அந்த வெள்ளி கடைசி ஹொக்கி வாசிச்சன். அண்ணை சொன்ன சொல்லு மாறேல்லை. திங்களில இருந்து வெறும் அறிவித்தல்தான். சனிக்கிழமை இன்னும் ஒரு மட்ச் மிச்சம் இருந்தது, ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாத மட்ச். பின்னேரம் போட்டுவிட்டம். என்ன சொல்ல! அவிழ்த்து விட்ட கண்டுக்குட்டி மாதிரித் துள்ளுறாங்கள். அடிக்கிறதெல்லாம் கோல். அந்தக் கோலி கையாலயும் காலாலயும் நெஞ்சாலயும் மறிக்கிறார். ஐஞ்சுக்கு ரெண்டு. "இப்ப ஏன்டா அடிக்கிறியள், விசருகளே!" எண்டு மனிசன் ரீவிக்குக் கிட்டப் போய்க் கத்தினார். நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போனன். ஆனால் அதை வாசிக்க எனக்கு இடமில்லை எண்டு நினைக்கத் துக்கமாயும் கிடந்தது.

திங்கக்கிழமை காலமை ஏழு மணிக்கு ஸ்ரூடியோவில தனிய இருந்து அறிவித்தல்களை அடுக்கிக்கொண்டிருக்க, ஃபோன் வந்தது. இளம் பிள்ளையின்ர குரல். இங்க பிறந்து வளர்ந்த பிள்ளை எண்டு ரெண்டு சொல்லிலயே தெரிஞ்சுது.

"அக்கா, ஐ ஆம் சொறி, ஒரு வியர்ட் றிக்குவெஸ்ட். இண்டைக்கு வாசிக்கப் போறதில ஒண்டு எங்கட அப்பா."

பேப்பரைத் தேடி எடுத்தன். முந்தி சென் ஜேம்ஸ் ரவுணில இருந்து பிறகு இந்தப் பக்கம் வந்த மனிசன். ஒருநாளும் எங்களுக்கு ஃபோன் எடுத்த ஆள் இல்லை.

"அப்பாக்கு ஹொக்கி ஒண்டும் தெரியாது அக்கா. ஒரு கேம் கூடப் பார்க்கேல்லை. பட் உங்கட அந்த ஐஞ்சு நிமிசம் எங்களை வாய் திறக்க விடமாட்டார். ஹொஸ்பிட்டல்ல இருக்கேக்கையும் நான் ஃபோன்ல போட்டுவிடுவன். சிரிச்சா இருமல் வரும், நேர்ஸ் வந்து பேசுவா, பிறகும் போடச் சொல்லுவார். சாற்றர்டே காலமை போயிட்டார். கேம் பின்னேரம். அவருக்குத் தெரியாது. நீங்க வாசிச்சு முடிய அந்த ஸ்கோரையும் சொல்லிவிடுவீங்களா?"

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" எண்டன். அண்ணையைக் கேக்கேல்லை.

அவரின்ர அறிவித்தல் மூண்டாவது. பெயர், ஊர், மனைவி, பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள், பார்வைக்கு வைக்கிற இடம், நேரம், எல்லாம் பிசகில்லாமல் வாசிச்சன். பிறகு பேப்பரில இல்லாத வரி. "அன்னார் கேட்காமல் போன கடைசி ஆட்டத்தில், எங்கள் ரீம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது."

"வென்றது" எண்ட சொல்லில குரல் உடைஞ்சு போச்சு. பதினொரு வருசம் எத்தினை பேரை வழியனுப்பியிருப்பன், என்ர சொந்தச் சித்தப்பாவை வாசிக்கேக்கை கூட உடையாத குரல்.

மைக்கை மூடினன். அண்ணை கதவை மெல்லத் திறந்து உள்ளுக்கு வந்தார். அவரின்ர கண்ணும் சிவந்துதான் கிடந்தது. "இன்னும் ரெண்டு கிடக்குத் தங்கச்சி. நான் வாசிக்கட்டே?" எண்டார்.

"இல்லை அண்ணை, தாங்கோ" எண்டு கையை நீட்டினன்.